நூறு ரூபாயில் நாற்பத்தாறு: கொரோனா காலத்து டெல்லி விமான நிலையம், ஒரு நிகழ்வு ஆய்வு

2020 பிப்ரவரி 20 அன்று, டெல்லி விமான நிலையத்தை நடத்தும் ஜிஎம்ஆர் நிறுவனத்தில் உற்சாகத்துக்குக் குறைவிருந்திருக்காது. பாரிஸ் விமான நிலையங்களை நடத்தும் குரூப் ஏடிபி, ஜிஎம்ஆர் ஏர்போர்ட்ஸின் 49 சதவீதப் பங்கை 10,780 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்புக்கொண்ட நாள் அது. கடன் சுமையில் நசுங்கிக்கிடந்த குழுமத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆறு நாளில் முதல் தவணை 5,248 கோடி வந்து சேர்ந்தது.

அதன் பிறகு ஒரு மாதம்கூட முழுசாக ஓடவில்லை. மார்ச் 22-இல் வெளிநாட்டு விமானங்களுக்கும் 25-இல் உள்நாட்டு விமானங்களுக்கும் தடை வந்தது. பாரிஸ்காரர்கள் வாங்கிய சொத்துகளில் பெரியது டெல்லி இந்திரா காந்தி விமான நிலையம். 2019-20 நிதியாண்டில் 6.73 கோடிப் பயணிகள் வந்துபோன இடம். அங்கே சரக்கு விமானங்களும் மீட்பு விமானங்களும் தவிர வேறெதுவும் இறங்கவில்லை.

பெருந்தொற்றில் விமான நிலையத்தை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டால் சானிட்டைசர், முகக்கவசம், தரையில் ஒட்டிய காலடித் தடங்கள் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதெல்லாம் நடந்தது. ஆனால் டெல்லியின் தலையெழுத்தைத் தீர்மானித்தவை வேறு இரண்டு. ஒன்று, 2006-இல் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு சதவீதக் கணக்கு. இன்னொன்று, கூட்டமே இல்லாத நாளில் கூட்டத்துக்காகக் கட்டடம் கட்டிக்கொண்டே இருக்க முடியுமா என்ற கேள்வி.

45.99

டெல்லி விமான நிலையம் தனியாருக்கு விற்கப்பட்ட சொத்து அல்ல. குத்தகை மாதிரியான ஏற்பாடு. 2006 ஏப்ரல் 4-இல் இந்திய விமான நிலைய ஆணையமும் டெல்லி இண்டர்நேஷனல் ஏர்போர்ட் லிமிடெடும் கையெழுத்திட்டன. அந்த நிறுவனத்தைத் துறையில் இருப்பவர்கள் 'டயல்' என்றும் ஆணையத்தை 'ஏஏஐ' என்றும் சொல்வார்கள், இங்கும் அப்படியே. ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'ஓம்டா' என்பார்கள். முப்பது வருடம், வேண்டுமானால் இன்னொரு முப்பது. பெருந்தொற்றுக் காலத்தில் டயலில் ஜிஎம்ஆருக்கு 64 சதவீதம், ஜெர்மனியின் ஃப்ராபோர்ட்டுக்கு 10, ஏஏஐக்கு 26. ஆக, ஏஏஐ ஒரே நேரத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரரும் கம்பெனியின் பங்காளியும். இந்த இரட்டை வேடத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் சண்டை புரியும்.

ஏலத்தில் ஜிஎம்ஆர் ஒப்புக்கொண்ட விலை வருவாயில் 45.99 சதவீதம். லாபத்தில் அல்ல, மொத்த வருவாயில். கல்லாவில் நூறு ரூபாய் விழுந்தால் 46 ரூபாய் ஏஏஐக்கு. மிச்சம் 54-இல்தான் சம்பளம், மின்சாரம், பராமரிப்பு, வட்டி எல்லாம். விமான நிலையம் வளர்ந்துகொண்டே போகும் காலத்தில் இது தாங்கக்கூடிய கணக்கு. வருவாய் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, செலவு அதே இடத்தில் நின்றால்?

கட்டும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த வருடம் எவ்வளவு வருவாய் வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அதன் பங்கை மாதத் தவணையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். உண்மையில் வந்த வருவாயோடு பிறகு ஒப்பிட்டு நேர்செய்துகொள்வார்கள். பணம் எஸ்க்ரோ கணக்கு வழியாக, அதாவது ஒப்பந்த விதிப்படி மட்டுமே பணம் எடுக்கக்கூடிய தனி வங்கிக் கணக்கு வழியாகப் போகும். யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்ற வரிசை அதில் எழுதியே இருக்கும். ஆணையத்தின் பங்கு அந்த வரிசையில் முன்னால் நிற்கும், டயலின் அன்றாடச் செலவுகள் பின்னால்.

மூட முடியாத கடை

ஊரடங்கில் ஜவுளிக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். விமான நிலையம் அப்படிப் போக முடியாது. தீயணைப்புப் படை தயார் நிலையில் நிற்க வேண்டும், ஓடுபாதை விளக்கு எரிய வேண்டும், சிஐஎஸ்எஃப் என்ற மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவல் இருக்க வேண்டும். பறக்காத விமானங்களுக்கு நிறுத்த இடம் வேண்டும். வழக்கமான இடங்கள் நிரம்பி, ஓடுபாதைக்கு விமானம் ஊர்ந்து போகும் வழிகளான டாக்ஸிவேக்கள் வரை விமானங்கள் வரிசைகட்டி நின்றன. மே 7-இல் தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் வெளிநாட்டிலிருந்து இந்தியர்கள் வந்தார்கள். அவர்கள் ஷாப்பிங் செய்ய வரவில்லை. ட்யூட்டி ஃப்ரீ, சாப்பாட்டுக் கடை, கார் பார்க்கிங், விளம்பரப் பலகை என்று நவீன விமான நிலையம் காசு பார்க்கும் எல்லா வழியும் அடைத்துக் கிடந்தது.

மூன்றாம் முனையத்தின் குடியேற்றப் பகுதிக்கு மேலே செப்புத் தட்டுகள் பதித்த சுவரில் பெரிய பெரிய கை முத்திரைகள் நீட்டிக்கொண்டிருக்கும். டெல்லியில் இறங்கியவர்களுக்கு அது தெரியும். அதன் கீழே நின்று ஒரு படமாவது எடுத்திருப்பார்கள். முழு உடல் கவசம் அணிந்த ஊழியர்களும், எட்ட எட்ட நிறுத்தப்பட்ட பயணிகளும் அந்த அபயக் கைகளுக்குக் கீழே நிற்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அதே கைதான், அர்த்தம் மாறிவிட்டது.

மே 25-இல் உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறந்தன. டெல்லியிலிருந்து முதல் விமானம் விடியற்காலை 4.45-க்குப் புனே கிளம்பியது. வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கு விமானங்களுக்கே அனுமதி. முந்தைய நாள் இரவு வரை மாநிலங்கள் ஒவ்வொன்றாக "எங்களுக்கு இப்போது வேண்டாம்" என்று பின்வாங்கியதால், டெல்லியில் மட்டும் அன்று ஏறக்குறைய எண்பது விமானங்கள் ரத்தாயின. கதவுக்கு வெளியே வந்து நின்ற பிறகுதான் பலருக்கும் தகவல் தெரிந்தது. அன்று டெல்லியிலிருந்து பெங்களூருவுக்குத் தனியாகப் பறந்த ஐந்து வயதுப் பையன் ஒருவனைப் பலருக்கு நினைவிருக்கும். மஞ்சள் உடை, கையில் 'ஸ்பெஷல் கேட்டகரி' என்றெழுதிய அட்டை. மூன்று மாதமாகப் பார்க்காத மகனுக்காகப் பெங்களூரு விமான நிலையத்தில் அம்மா காத்திருந்தார்.

நிர்வாகக் கோணத்தில் முக்கியமான முடிவு இதுதான்: மூன்று முனையங்களில் ஒன்றை மட்டும் திறப்பது. டயல் எல்லா விமானங்களையும் மூன்றாம் முனையத்துக்கே கொண்டுவந்தது. 2010-இல் திறந்த, வருடத்துக்கு 3.4 கோடிப் பேருக்கென்று வடிவமைத்த கட்டடம். அதில் அன்றைக்கு வந்த கூட்டம் பந்தலுக்குள் நாலு பேர் மாதிரி. பெரிய இடத்தில் ஆட்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தலாம். மற்ற இரண்டு முனையங்களுக்கும் ஏசி, விளக்கு, ஆள் கூலி மிச்சம். 2020 அக்டோபர் 1-இல் இரண்டாம் முனையத்தைத் திறந்தார்கள். இரண்டாவது அலை வந்ததும் 2021 மே நடுவில் மூடினார்கள். ஜூலையில் மறுபடி திறந்தார்கள். முதல் முனையம் 2021 அக்டோபர் 31 வரை, சுமார் ஒன்றரை வருடம், இருட்டாகவே கிடந்தது.

இருட்டாகக் கிடந்ததில் ஒரு லாபமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2020 செப்டம்பரில் மூன்றாம் முனையத்தின் அடுக்குமாடிப் பார்க்கிங்கில் ஆர்டி-பிசிஆர் ஆய்வகம் ஒன்றை அமைத்தார்கள். இந்திய விமான நிலையத்தில் அப்படி ஒன்று வந்தது அதுவே முதல் தடவை. வெளிநாட்டிலிருந்து வந்து வேறு ஊருக்கு மாறிப் போகிறவர், தனிமை முகாமுக்குப் போகாமல் சில மணி நேரத்தில் முடிவு வாங்கிக்கொண்டு அடுத்த விமானம் ஏறலாம். கார் நிறுத்த ஆள் இல்லாத இடம் சோதனைச் சாலையாக மாறியது. நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் 2021 டிசம்பரில் ஒமைக்ரான் வந்து, 'ஆபத்துள்ள நாடுகளிலிருந்து' வரும் எல்லோருக்கும் சோதனை கட்டாயம் என்று ஆனபோது அதே இடம் நெரிசலாகிப்போனது. சீக்கிரம் முடிவு தரும் சோதனைக்கு 3,500 ரூபாய்க்கு மேல், சாதாரணச் சோதனைக்கு 500. குடும்பத்தோடு வந்தவர்கள் சாதாரணத்தையே கேட்டார்கள், அதனால் மணிக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். இடைவெளி விட்டு நிற்க வேண்டிய இடத்தில் தோளோடு தோள் உரச நின்றார்கள்.

பயணிகள் போக்கு இப்படி என்றால் சரக்குப் பக்கம் வேறு கதை. 2021 ஜனவரி 12-இல் புனேயிலிருந்து தடுப்பூசியின் முதல் பெட்டிகள் டெல்லியில் இறங்கின. ஏப்ரல் கடைசியில் ஆக்ஸிஜன் இல்லாமல் தலைநகரம் திணறியபோது, உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த செறிவூட்டிகளும் சிலிண்டர்களும் இங்கேதான் வந்து குவிந்தன. அவற்றுக்கென்றே 3,500 சதுர மீட்டரில் ஓர் இடைக்காலக் கிடங்கைத் திறந்தார்கள்.

வழக்கு

2020 மார்ச்சிலேயே டயல் ஏஏஐக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டது: இது 'ஃபோர்ஸ் மஜூர்', அதாவது யார் கையிலும் இல்லாத நிகழ்வு, எனவே வருடாந்தரக் கட்டணத்திலிருந்து விலக்கு வேண்டும். சட்டம் தெரிந்தவர்கள் இந்தச் சண்டையைக் கேட்டவுடன் ஒரு புன்னகை பூப்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுதான் காரணம்.

ஏஏஐயின் வாதத்தைச் சுருக்கினால் இப்படி: "நான் வாடகையா கேட்டேன்? வந்ததில் பங்கு கேட்டேன். நூறு வந்தால் 46, பத்து வந்தால் நாலரை. வருவாய் குறைந்தால் கட்டணமும் தானாகவே குறைகிறது. இதில் விலக்கு எதற்கு?"

டயலின் பதில்: "வந்த அந்தப் பத்து ரூபாயும் விமான நிலையத்தை உயிரோடு வைத்திருக்கவே போதவில்லை. அதிலும் பங்கு எடுத்தால் சம்பளத்துக்கு எங்கே போவேன்? ஒப்பந்தத்திலேயே இந்த மாதிரிக் காலத்துக்கு விலக்கு எழுதியிருக்கிறதே."

முதல் பார்வைக்கு ஏஏஐ சொல்வதுதான் சரி என்று பட்டது எனக்கும். பிறகுதான் எஸ்க்ரோ வரிசை ஞாபகம் வந்தது. காசு குறைவாக வரும்போது யார் முதலில் எடுக்கிறார்கள் என்பதே எல்லாம். விளைச்சலில் பாதி என்று வாரத்துக்கு விட்ட நிலத்தில், வறட்சி வருடத்தில் விளைந்த நாலு மூட்டையில் இரண்டை நிலக்காரர் முதலில் அளந்துகொண்டு போனால், மிஞ்சிய இரண்டில் விதைநெல்லும் எடுத்துவைக்க வேண்டும், சாப்பிடவும் வேண்டும். அடுத்த போகம் எப்படி நடக்கும்?

ஏஏஐயைப் பேராசைக்காரராகப் பார்க்கவும் முடியாது. டெல்லி, மும்பையிலிருந்து வரும் பங்கு அதன் பெரிய வருமானங்களில் ஒன்று. நட்டத்தில் ஓடும் சின்ன விமான நிலையங்களுக்கும் புதிய கட்டடங்களுக்கும் பணம் அதே பையிலிருந்துதான் போகிறது. நம்மூர்த் தூத்துக்குடி, சேலம், திருச்சி எல்லாம் ஏஏஐ கையில் இருப்பவை. அந்த ஆண்டு ஏஏஐக்கும் நட்டம்தான். டெல்லியில் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேறெங்கோ ஒரு சின்ன ஊரில் குறையும்.

விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2021 ஜனவரி 5-இல் டயலுக்கு இடைக்கால நிவாரணம் கிடைத்தது. எஸ்க்ரோவில் சேரும் பணத்தை அது தன் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலிலிருந்து கட்டணத்தை மறுபடி கட்டத் தொடங்குவதென்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. பழைய கணக்கு நடுவர் தீர்ப்பாயத்தில் நடந்து, 2024 ஜனவரியில் முடிவு வந்தது: 2020 மார்ச் 19 முதல் 2022 பிப்ரவரி 28 வரை டயல் வருடாந்தரக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது.

நெருக்கடி நடக்கும்போது டயலைக் காப்பாற்றியது இந்த இறுதித் தீர்ப்பு அல்ல, 2021 ஜனவரியின் அந்த இடைக்கால உத்தரவு. கையில் காசு தேவைப்பட்ட நேரத்தில் காசு கிடைத்தது. நாலு வருடம் கழித்து வரும் நியாயத்தை வைத்து 2021 மாதச் சம்பளம் கொடுக்க முடியாது.

மற்ற இடங்களில் என்ன ஆனது என்று கொஞ்சம் பார்ப்போம். பெங்களூருவும் ஹைதராபாத்தும் அரசுக்குத் தரும் பங்கு வெறும் 4 சதவீதம். அங்கே இந்த அளவு சண்டைக்கே இடமில்லை. பெங்களூரு தன் இரண்டாம் முனையத்தைப் பெருந்தொற்றுக்கு நடுவே கட்டி 2022 நவம்பரில் திறப்புவிழா நடத்தியது. மும்பையில் பங்கு 38.7 சதவீதம். அங்கேயும் இதே ஃபோர்ஸ் மஜூர் வழக்கு நடந்தது. ஆனால் அந்த நிலையத்தை நடத்திய, கடனில் மூழ்கியிருந்த ஜிவிகே குழுமம் தாக்குப்பிடிக்கவில்லை. 2021 ஜூலை 13-இல் நிலையம் அதானி கைக்கு மாறியது. அதே அதானி 2019-இல் ஏலம் எடுத்த ஆறு நிலையங்களில் முறையே வேறு. அகமதாபாத்தில் ஒரு பயணிக்கு 177 ரூபாய், திருவனந்தபுரத்தில் 168 ரூபாய் என்று தலைக் கணக்கு. பயணி இல்லையென்றால் கட்டணமும் இல்லை. அதற்கும் மேலே, பெருந்தொற்றைக் காரணம் காட்டி நிலையங்களைப் பொறுப்பேற்கும் தேதியையே தள்ளிவைத்துக்கொண்டார்கள். நாகர்கோவில்காரர்களுக்குப் பழக்கமான திருவனந்தபுரம் 2021 அக்டோபரில்தான் கைமாறியது. பயணிகள் திரும்பத் தொடங்கிய நேரம்.

பாரிஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது தவணையாக 5,532 கோடி தர வேண்டியவர்கள், 2020 ஜூலையில் பேசி உடனடித் தொகையை 4,565 கோடியாகக் குறைத்தார்கள். அதற்கு மேல் 1,060 கோடி, நிலையங்கள் பின்னாளில் காட்டும் வருமானத்தைப் பொறுத்து. விலகி ஓடவில்லை, விலையைத்தான் குறைத்தார்கள். ஜிஎம்ஆருக்கு அன்றைக்கு அதுவே பெரிய விஷயம்.

காலி முனையத்தில் கான்கிரீட்

2018-19 காலத்திலேயே டெல்லியில் '3ஏ' என்ற விரிவாக்கம் முடிவாகிவிட்டது. கொள்ளளவை வருடத்துக்கு 10 கோடிப் பேருக்கு உயர்த்துவது இலக்கு. நான்காவது ஓடுபாதை, முதல் முனையத்தைப் பெரிதாக்குவது, வடக்கையும் தெற்கையும் இணைக்கும் உயர்த்தப்பட்ட டாக்ஸிவே. கட்டுமான நிறுவனமான எல் அண்ட் டி வேலையைத் தொடங்கியிருந்தது. தொற்று வந்தபோது இதை என்ன செய்வது?

நிறுத்துவதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. 2020-21-இல் வந்த பயணிகள் 2.26 கோடி. முந்தைய வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு. பழைய கொள்ளளவிலேயே பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறது. ஆனால் கடன் வாங்கியாகிவிட்டது. கட்டினாலும் கட்டாவிட்டாலும் வட்டி ஓடும். பாதியில் நிறுத்திய கம்பி துருப்பிடிக்கும். மறுபடி தொடங்கும்போது ஒப்பந்தக்காரர் புது விலை கேட்பார். அதனால் நிறுத்தவில்லை. ஆனால் நினைத்த வேகத்திலும் போகவில்லை. ஊரடங்கில் பிகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் நடந்தே போன தொழிலாளர்களில் பலர் உடனே திரும்பவில்லை. போதாக்குறைக்கு, டெல்லியில் ஒவ்வொரு குளிர்காலமும் காற்று மாசுக்காகக் கட்டுமானத் தடை வரும்.

முதல் முனையம் இருட்டாகக் கிடந்ததன் லாபம் இங்கேதான். ஓடிக்கொண்டிருக்கும் முனையத்தை இடித்துக் கட்டுவது, அடுப்பு எரிய எரியச் சமையலறையை மாற்றிக் கட்டுவது மாதிரி. பயணிகளுக்கு வழி விட்டு, தடுப்பு வைத்து, ராத்திரியில் மட்டும் வேலை பார்க்க வேண்டும். ஒன்றரை வருடம் அந்தத் தொல்லை இல்லை. புதிய வருகைப் பகுதி 2022 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது.

கிழக்கு டாக்ஸிவேயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 2.1 கிலோமீட்டர் நீளம், இரண்டு தடம், கீழே சாலையில் கார்கள் போக மேலே விமானம் ஊர்ந்து போகும். மூன்றாம் ஓடுபாதையில் இறங்கி முதல் முனையத்துக்குப் போக முன்பு 9 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். இப்போது 2 கிலோமீட்டர். எரிபொருளும் நேரமும் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இதுவும் நான்காவது ஓடுபாதையும் 2023 ஜூலையில் திறக்கப்பட்டன. தொடக்கத்தில் 2022 நடுவில் முடிந்திருக்க வேண்டியவை.

அந்த ஒரு வருடத் தாமதத்துக்கான விலையை 2022 டிசம்பர் காட்டியது. பயணிகள் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் திரும்பிவிட்டார்கள். 2021-22-இல் 3.93 கோடி, அடுத்த ஆண்டே 6.53 கோடி. மூன்றாம் முனையத்தில் நுழைவாயிலிலேயே வரிசை, பாதுகாப்புச் சோதனையில் இன்னும் நீண்ட வரிசை, விமானத்தைத் தவறவிட்டவர்களின் புகார்கள். மூன்றரை மணி நேரம் முன்னதாக வாருங்கள், ஏழு கிலோவுக்குள் ஒரே ஒரு கைப்பை மட்டும் கொண்டுவாருங்கள் என்று இண்டிகோ அறிவித்தது. டெல்லி–சென்னை பறக்கும் நேரமே அதைவிடக் குறைவு. அன்றைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா நேரில் வந்து பார்த்தார். நுழைவாயில்களையும் எக்ஸ்ரே தடங்களையும் கூட்டினார்கள், கூடுதல் சிஐஎஸ்எஃப் வீரர்களைப் போட்டார்கள், உச்ச நேர விமானங்களைக் குறைத்தார்கள்.

ஆள் பற்றாக்குறையையும் குளிர்காலப் பயணக் கூட்டத்தையும் காரணம் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் 2020-இல் எல்லோரும் கேட்ட கேள்வி, "பயணிகள் எப்போது திரும்புவார்கள்?" என்பதே. பன்னாட்டு அமைப்புகளின் கணிப்புகள் 2024 என்றன. திட்டமிட்டதைவிடச் சீக்கிரம் திரும்பினால் என்ன செய்வோம் என்று யாரும் அதே அக்கறையோடு கேட்டதாகத் தெரியவில்லை. கூட்டம் குறையும் அபாயத்துக்கு ஒப்பந்தத்தில் பிரிவு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. கூட்டம் சீக்கிரம் வந்துவிடும் அபாயத்தைச் சுமந்தவர் வரிசையில் நின்ற பயணி. அவருக்கு ஃபோர்ஸ் மஜூர் நோட்டீஸ் கொடுக்க இடமில்லை.

விரிவாக்கிய முதல் முனையம் 2024 மார்ச் 10-இல் திறந்துவைக்கப்பட்டது. வருடத்துக்கு 4 கோடிப் பேர் போகக்கூடிய இடம். ஜூன் 28-ஆம் தேதி விடியற்காலை, கொட்டிய மழையில் அதே முனையத்தின் பழைய புறப்பாட்டுப் பகுதியின் வெளிக்கூரை சரிந்து ஒருவர் இறந்தார். புதிய பகுதியிலிருந்து விமானங்கள் கிளம்பியது ஆகஸ்ட் நடுவில்தான். அதற்குள் 2023-24 கணக்கும் வந்துவிட்டிருந்தது: 7.37 கோடிப் பேர், பெருந்தொற்றுக்கு முந்தைய எண்ணிக்கையைத் தாண்டி அறுபது லட்சத்துக்கு மேல்.